சாப்பிட்டால் மயங்கும் சொர்ணாம்பாள்

பசியில் மயங்கி விழுகிறவர்களுக்கு நம் ஊரில் ஒரு மரியாதை உண்டு. சோடா வாங்கி வர ஒருவர் ஓடுவார், துண்டால் விசிற ஒருவர் வருவார், 'காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடலியாம், பாவம்' என்று சொல்வதற்கென்றே நாலு பேர் கூடுவார்கள். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே மயங்கி விழுகிறவர்களுக்கு இந்த மரியாதை எதுவும் கிடையாது. அவர்களைப் பார்த்து ஊர் சிரிக்கும். இந்த அநியாயத்தை விருத்தாசலத்தில் ஏழு மாத காலம் அனுபவித்தவர் சொர்ணாம்பாள்.

2008இல் அவருக்கு வயது நாற்பத்தாறு. செராமிக் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் வேலை. வீட்டு மெயின் போர்டில் வெள்ளையாகப் பீங்கானில் ஃபியூஸ் கேரியர் இருக்குமே, அதைச் செய்கிற கம்பெனி. சூளையில் வெந்து இறங்குகிற ஃபியூஸ் கேரியர்களில் விரிசல் விட்டதைப் பிரித்துப் போடுவது சொர்ணாம்பாளின் பொறுப்பு. கண்ணுக்குத் தெரிகிற விரிசலை யார் வேண்டுமானாலும் பிரிக்கலாம். தெரியாத விரிசலைக் காதால்தான் பிடிக்க வேண்டும். இடது கையில் ஒன்றை எடுத்து வலது கையில் இருக்கும் சின்னக் கம்பியால் ஒரு தட்டு. 'ணங்' என்றால் பேக்கிங்குக்குப் போகும். 'டொக்' என்றால் உடைசல் குவியலுக்குப் போகும். ஒரு நாளைக்கு நாலாயிரம் தட்டு. தட்டிப் பார்க்கிறவருக்கென்று போட்ட முக்காலியில் பத்தொன்பது வருஷமாக உட்கார்ந்திருந்தார். அவர் காதை ஏமாற்றிவிட்டு ஒரே ஒரு விரிசல்கூட வெளியூர் போனதாகச் சரித்திரம் இல்லை. அந்தச் சரித்திரத்தைச் சொல்வதும் அவரே என்பதால் மறுப்பதற்கு ஆள் இல்லை.

வேலை நேரம் முடிந்தாலும் கை ஓயாது. கடைத்தெருவில் டீ கிளாஸ் வாங்கப் போனால் டஜனையும் தட்டுவார். பதினொன்றைத் திருப்பிக் கொடுப்பார். அவர் தெருமுனையில் வருவதைப் பார்த்ததும் பாத்திரக் கடைக்காரர் சாப்பிடப் போய்விடுவதாகக் கேள்வி. பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளையை மட்டும் தட்டிப் பார்க்க விடவில்லை என்று அவர் சொல்வதுண்டு. மாப்பிள்ளை ராஜவேல், பாலக்கரைப் பக்கம் சைக்கிள் கடை வைத்திருப்பவர், இதைக் கேட்டு இருபத்தாறு வருஷமாகச் சிரித்துக்கொண்டிருக்கிறார். வேறு என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

முதல் மயக்கம் தை மாதம், கம்பெனியில், பத்து மணி டீக்கு வந்தது. மசால் வடையின் மூன்றாவது கடி. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அனுசியா மடியில் அப்படியே சாய்ந்தார். அனுசியா 'அக்கா, அக்கா' என்று உலுக்கி முடிப்பதற்குள் எழுந்து உட்கார்ந்துவிட்டார். முதல் கேள்வி, "என் வடை எங்கடி?"

வடை தரையில் கிடந்தது. வடையில் ஏதோ கோளாறு என்று தீர்ப்பாயிற்று. டீக்கடைக்காரர் ஒரு வாரம் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

இரண்டாவது மயக்கம் வீட்டில், சோற்றுத் தட்டின் முன்னால். மூன்றாவது வேப்பூரில், ராஜவேலின் பெரியப்பா மகன் வீட்டுக் கல்யாணத்தில், முதல் பந்தியில். சாம்பார் சாதம் மூன்று வாய்தான் போயிருக்கும். முகம் இலையில் கவிழ்ந்தது. ஏழெட்டு நொடியில் நிமிர்ந்தார். மூக்கில் ஒரு முருங்கைக்காய்த் துண்டு ஒட்டியிருந்தது. அதை எடுத்து இலை ஓரத்தில் வைத்துவிட்டு ரசம் கேட்டார். கல்யாணத்துக்கு வந்த முந்நூறு பேரும் மாப்பிள்ளை பெயரை மறந்துவிட்டார்கள். முருங்கைக்காயை யாரும் மறக்கவில்லை.

அதற்குப் பிறகு ஊருக்கு ஒரு வேலை கிடைத்தது. வாய்வு என்றார்கள். பித்தம் என்றார்கள். கண்ணேறு என்று ஒருவர் மிளகாய் சுற்றிப் போட்டார். வேலைக்குப் போகாமல் இருக்க நடிப்பு என்று சொன்னவர்களும் உண்டு. அவர்கள் எல்லோரும் வேலைக்குப் போகாதவர்கள். சமைத்துப் போடுவது ராஜவேல்தான் என்று தெரிந்த சிலர் சைக்கிள் கடைக்கே வந்து பங்க்சர் ஒட்டும் சாக்கில், "அப்டி என்னாதான்ய்யா போட்டுக் கொழம்பு வைக்கிற?" என்று விசாரித்தார்கள்.

"ஏங்க, ஊர்ல சாப்பிடாம மயங்குனவங்களப் பாத்திருக்கோம்" என்று அனுசியாவே ஒருநாள் ராஜவேலிடம் சொன்னாள். "சாப்பிட்டு மயங்குறது அக்கா ஒருத்திதான். இத டாக்டருகிட்ட எப்டிச் சொல்றது? சிரிக்க மாட்டாரு?"

டாக்டர் சிரிக்கவில்லை. அவருக்கு நேரமில்லை. ஈசிஜி எடுக்கச் சொன்னார், எடுத்தார்கள். நார்மல். அடுத்த மாதம் இன்னொன்று, நார்மல். கடலூர் போய் ஒன்று, அதுவும் நார்மல். நோயாளிக்கு ஆறுதலாகச் சொல்லப்படுகிற இந்தச் சொல் சொர்ணாம்பாளுக்கு மட்டும் திட்டு மாதிரி கேட்டது. மூன்று முறை நார்மல் என்று சொல்லப்பட்ட ஒருவர் நாலாவது முறை விழுந்தால் அவருக்குப் பொய்க்காரி என்று பெயர்.

ஆனால் சொர்ணாம்பாள் சும்மா இருக்கிற ஆள் இல்லை. ஒருநாள் வீட்டில், வலது கையால் சோற்றைப் பிசைந்துகொண்டே, இடது கையின் இரண்டு விரலைக் கழுத்து ஓரத்தில் வைத்துக்கொண்டார். நாலாயிரம் தட்டு தட்டுகிறவருக்குத் தாளம் பிடிக்கச் சொல்லித் தர வேண்டியதில்லை. சோறு தொண்டையைத் தாண்டி நெஞ்சுக்குள் இறங்கியது. விரலுக்கடியில் துடித்துக்கொண்டிருந்தது நின்றது. அதற்கப்புறம் தெரியவில்லை. கண் விழித்தபோது ராஜவேல் தண்ணீர்ச் சொம்போடு நின்றார்.

"கண்டுபுடிச்சிட்டன்" என்றார் சொர்ணாம்பாள். "சாப்பாடு எறங்கும்போது நாடி நின்னுடுதுங்க."

இதை அப்படியே டாக்டரிடம் சொன்னார். டாக்டர் பேனாவை மூடினார். "நாடி நின்னா ஆளே இருக்க மாட்டாங்கம்மா."

"நான் இருக்கறேனே சார்."

"அதான் நிக்கலன்னு அர்த்தம்."

படித்தவர் சொல்லும்போது அதில் ஒரு ஒழுங்கு இருக்கத்தான் செய்கிறது.

ஐந்தாவது விழுதல்தான் வினையானது. ஆடி மாதம், மறுபடி கம்பெனியில், பத்து மணி டீக்கு. பக்கத்தில் இருந்த தட்டத்தோடு சாய்ந்தார். பார்த்து முடித்த எண்பது ஃபியூஸ் கேரியர் தரையில் நொறுங்கியது. எண்பதும் 'ணங்' என்றவை. சூப்பர்வைசர் சுப்பிரமணியன் வந்து நின்றார். அவர் கெட்டவர் அல்ல. எதையும் எழுத்தில் கேட்கிறவர், அவ்வளவுதான். மழை பெய்கிறது என்று சொன்னால்கூட யார் சொன்னது என்று கேட்பார்.

"இத பாருங்கம்மா. சூள பக்கத்துல விழுந்திருந்தா என்னா ஆவறது? இந்த மாசம் இருபத்தஞ்சாம் தேதிக்குள்ள என்னா வியாதின்னு டாக்டரு எழுதின லெட்டரு வேணும். மயக்கம்னு எழுதிட்டு வராதீங்க, அது எனக்கே தெரியுது. எதனாலன்னு எழுதணும். அதுவரைக்கும் முக்காலியில அனுசியா ஒக்காரட்டும்."

"லெட்டரு இல்லன்னா?"

"இல்லன்னா பேக்கிங்குல கூட எடம் குடுக்க முடியாதும்மா. எனக்கும் மேல ஆளு இருக்காங்க."

முக்காலி போனதைவிட அதில் அனுசியா உட்கார்ந்ததுதான் சொர்ணாம்பாளைச் சுட்டது. அனுசியா நல்ல பெண். காதுதான் போதாது. 'டொக்'கை 'ணங்' என்று நம்பிவிடுகிற வெள்ளை மனசு.

அந்த மாதம் முழுக்க அவர் கூழை ஒவ்வொரு வாயாக உறிஞ்சிக் குடித்தார். கட்டியாக எதையும் விழுங்கவில்லை. எட்டு கிலோ இறங்கியது. தெருவில் பார்த்த பெண்கள், "எளைச்சு அழகா ஆயிட்டீங்க, என்னா பண்றீங்க?" என்று ரகசியம் கேட்டார்கள்.

இருபத்திரண்டாம் தேதி காலை பத்தரை மணிக்கு நாலாவது ஈசிஜிக்காக அதே டாக்டரின் நர்சிங் ஹோமுக்கு வந்தார்கள். ராஜவேல் கடையைச் சாத்திவிட்டு வந்திருந்தார். ஈசிஜி எடுக்கிறவர் தங்கதுரை. முப்பத்தெட்டு வயது, கம்மாபுரம் பக்கம். நடக்க முடியாதவர்களுக்கு மெஷினை டிவிஎஸ் வண்டியில் கட்டிக்கொண்டு கடலூர் மாவட்டத்து மங்களூர் வரைக்கும் போய் வீட்டிலேயே எடுத்துக் கொடுப்பார். நெய்வேலி நிலக்கரிச் சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த குடும்பம். 'எங்க நெலத்தத் தோண்டித்தான் நாட்டுக்கே கரண்டு, எங்களுக்கு ரெண்டு மணி நேரம் கட்டு' என்று யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் சொல்வார். ஆனால் அந்த மின்வெட்டில் அவருக்கு ஒரு லாபமும் இருந்தது. அந்தக் கட்டடத்தின் எர்த் சரியில்லை. கரண்ட் இருக்கும்போது ஈசிஜி எடுத்தால் கோடு ரம்பப் பல் மாதிரி நடுங்கும். பத்திலிருந்து பன்னிரண்டு வரை ஊரே விசிறி ஓடாமல் வேர்க்கும்போது, பேட்டரியில் ஓடும் அவர் மெஷின் மட்டும் கண்ணாடி மாதிரி கோடு போடும். அதனால் சந்தேகமான கேஸ்களை எல்லாம் அந்த இரண்டு மணி நேரத்துக்கு ஒதுக்கி வைத்திருந்தார். ஊரில் மின்வெட்டுக்காகக் காத்திருந்த ஒரே மனிதர்.

சொர்ணாம்பாளைக் கட்டிலில் படுக்க வைத்து மணிக்கட்டிலும் கணுக்காலிலும் கிளிப் மாட்டிக்கொண்டே, வழக்கமாகக் கேட்கிறதைக் கேட்டார். "வெறும் வயித்துலதானக்கா வந்தீங்க?"

"அடுப்பே பத்த வெக்கல தம்பி. பச்சத் தண்ணி படல."

"மயக்கம் எப்ப வரும்?"

"சாப்பிட்டா வரும்."

தங்கதுரையின் கை கணுக்காலிலேயே நின்றது. "சாப்பிட்டாத்தான் வருமா, சாப்பிடாமயும் வருமா?"

"சாப்பிட்டாத்தான். மொதல்ல எப்பவாச்சும் வந்துது, இப்ப கட்டியா எத முழுங்குனாலும் வருது. அதுவும் மூணாவது வாயில."

"இதுக்கு முன்னாடி மூணு தடவ ஈசிஜி எடுத்தீங்களே. ஒரு தடவயாச்சும் சாப்பிட்டுட்டு வந்தீங்களா?"

சொர்ணாம்பாள் தலையைத் தூக்கிச் சுவரைக் காட்டினார். 'பரிசோதனைக்கு வெறும் வயிற்றில் வரவும்' என்று சிவப்பு எழுத்தில் போர்டு. சர்க்கரைப் பரிசோதனைக்காக எழுதியது. ஆனால் எந்தப் பரிசோதனைக்கு என்று எழுதவில்லை. நம் ஊரில் கண் பரிசோதனைக்கே வெறும் வயிற்றில் வருகிறவர்கள் உண்டு. சாப்பிட்டுவிட்டுப் போவது பரிசோதனைக்கு மரியாதை இல்லை என்று நினைப்பு.

"நீங்கதான எழுதி வெச்சிருக்கீங்க" என்றார் சொர்ணாம்பாள். "கடலூர்லயும் இருந்துது."

தங்கதுரை கிளிப்பை விட்டுவிட்டு டாக்டர் அறைக்குப் போனார். உள்ளே என்ன பேசினார்கள் என்று தெரியாது. வெளியே கேட்டது டாக்டரின் குரல் மட்டும். "ஈசிஜி ரூமுல இட்லியா? சரி, என்னமோ பண்ணு, நான் பக்கத்துலதான் இருக்கறேன்."

ராஜவேல் எதிர்க் கடைக்குப் போய் நாலு இட்லி வாங்கி வந்தார். தங்கதுரை கட்டிலின் தலைமாட்டைத் தூக்கி வைத்தார். சொர்ணாம்பாள் தட்டுக்குக் கை நீட்டினார்.

"கை ஆடக் கூடாதுக்கா. ஆடுனா கோடும் ஆடும். அண்ணந்தான் ஊட்டி விடணும்."

அறையில் ஒரு சங்கடம் வந்து உட்கார்ந்தது. கல்யாணத்தன்று பாலும் பழமும் கொடுத்ததோடு ராஜவேல் அந்தக் கணக்கை முடித்திருந்தார். அன்றும் பாதிப் பழம் கீழே விழுந்தது. இப்போது ஒரு அந்நிய மனிதன், ஒரு மெஷின், வாசலில் எட்டிப் பார்க்கிற இரண்டு நோயாளிகள், இவர்களுக்கு முன்னால் இட்லியைப் பிட்டுச் சட்னியில் தோய்த்துப் பெண்டாட்டி வாய்க்குக் கொண்டுபோக வேண்டும்.

"நான் நடுங்கினா பரவால்லியா தம்பி?"

"உங்க கையில கிளிப் இல்லண்ணே. தாராளமா நடுங்குங்க."

"சின்னதாப் பிக்காதீங்க" என்றார் சொர்ணாம்பாள். "பெருசா குடுங்க. வந்ததுக்கு மயக்கம் வரணும்."

முதல் வாய் போனது. மெஷின் சன்னமாக உறுமியது. ரோஜா நிறக் கட்டம் போட்ட தாள் நாக்கு மாதிரி நீண்டுகொண்டே வந்தது. அதில் ஒரு சின்ன மேடு, பக்கத்தில் ஒரு ஊசி மலை, ஒரு தட்டையான மேடு. மறுபடி அதே மூன்று. இரண்டாவது வாய். அதே வரிசை. நர்சிங் ஹோமில் ஒரு ஆளுக்கு ஒரு சாண் தாளுக்கு மேல் ஓட்டக் கூடாது என்பது எழுதாத சட்டம். தங்கதுரை ஓட விட்டுக்கொண்டே இருந்தார்.

மூன்றாவது வாய். சொர்ணாம்பாள் மென்றார், விழுங்கினார். "எறங்குது" என்றார். "இதோ..."

கண் மேலே போனது. கழுத்து தலையணையில் சரிந்தது.

தாளில் சின்ன மேடு வந்தது. மலை வரவில்லை. மறுபடி சின்ன மேடு. மலை இல்லை. மேடு, மேடு, மேடு. நடுவில் வெறும் தரை. தங்கதுரை வாய்க்குள் கட்டங்களை எண்ணினார். அஞ்சு பெரிய கட்டம் ஒரு நொடி. பத்து. பதினஞ்சு. "டாக்டர் சார்" என்று கூப்பிட்ட குரல் அவர் குரல் மாதிரி இல்லை. இருபது. ராஜவேல் கையில் நாலாவது வாயோடு அப்படியே நின்றார். சட்னி முழங்கை வரைக்கும் வழிந்தது. அவருக்குக் கட்டம் தெரியாது, மலை தெரியாது. பெண்டாட்டி முகத்தில் இருந்த நிறம் போனது மட்டும் தெரிந்தது. இருபத்தஞ்சு. முப்பது. டாக்டர் உள்ளே வந்து கட்டிலைத் தொடும்போது தாளில் ஒரு மலை எழுந்தது. பிறகு இன்னொன்று. பிறகு வரிசையாக.

சொர்ணாம்பாள் கண்ணைத் திறந்தார். டாக்டரைப் பார்த்தார். "வந்துச்சா சார்?"

டாக்டர் தாளைப் பார்த்தார். நீளமாகப் பார்த்தார். பிறகு, "எனக்கு அப்பவே ஒரு சந்தேகம் இருந்துச்சு" என்றார். நல்ல செய்தி கொண்டு வருகிறவருக்கு அந்த அளவு சலுகை உண்டு.

அவர் ஒரு தடித்த புத்தகத்தை எடுத்து வந்து மேஜையில் பிரித்து, ஆங்கிலத்தில் பத்து நிமிஷம் விளக்கினார். அவர் போனதும் சொர்ணாம்பாள் தங்கதுரையிடம் திரும்பினார். "இப்ப நீ சொல்லு தம்பி."

தங்கதுரை தாளை அவர் மடியில் விரித்தார். "நெஞ்சுக்குள்ள ஒரு நெய்வேலி இருக்குதுக்கா. வலப் பக்கம் மேல் அறை உச்சியில. நெல்லு மணியவிடக் கொஞ்சம் பெருசு, அவ்ளோதான். நிமிசத்துக்கு எழுவது தடவ தானா கரண்டு விடும். யாரும் சுச்சு போட வேணாம். மூளகூடச் சொல்ல வேணாம்."

"பில்லும் வராது" என்றார் ராஜவேல். அவருக்கு அப்போதுதான் மூச்சு வந்திருந்தது.

"அந்தக் கரண்டு மேல் ரெண்டு அறையிலயும் பரவுனா, அதுங்க சுருங்கி ரத்தத்தக் கீழ தள்ளும். இந்தச் சின்ன மேடு அதான். அப்புறம் நடுவுல ஒரு சப்ஸ்டேஷன். அங்க கரண்டு இம்மி நேரம் நிக்கும். ஏன்னா, மேலேர்ந்து ரத்தம் முழுசா எறங்கட்டும்னு. அங்கேர்ந்து கம்பி ரெண்டாப் பிரிஞ்சு கீழ் அறைக்குப் போவுது. கீழ் அறை சுருங்குறதுதான் இந்த மல. அது சுருங்குனாத்தான் மூளைக்கு ரத்தம், கையில நாடி."

சொர்ணாம்பாள் வெறும் தரையாக இருந்த இடத்தில் விரலை ஓட்டினார். "இங்க மேடு இருக்குது. மல இல்ல."

"அதேதான். நெய்வேலி ஓடுது. சப்ஸ்டேஷன்ல ஆஃப் பண்ணிட்டான்."

"எவன்?"

"மூளையிலேர்ந்து ஒரு நரம்பு வருது. இதயம் வேகமா ஓடுனா அடக்கி வெக்கிறது அதோட வேல. அதே நரம்புதான் சோறு எறங்குற கொழாயப் பாத்துக்குறதும். எல்லாருக்கும் அப்டித்தான். உங்களுக்கு மட்டும், சோறு எறங்குதுன்னு சேதி போனா, அது சப்ஸ்டேஷனுக்குப் போனப் போட்டு ஆஃப் பண்ணச் சொல்லிடுது. ஆறு நொடி கழிச்சு நெனப்பு வந்து ஆன் பண்ணுது."

சொர்ணாம்பாள் தாளை மடித்தார். "கம்மாபுரத்துல கரண்டத் தோண்டி கம்மாபுரத்துக்கே கட்டு. என் நெஞ்சும் நம்ம ஊராத்தான் இருக்குது."

"ஆமாக்கா."

"அப்ப நான் சொன்னது சரி. நாடி நின்னுது."

"நின்னுதுக்கா."

"டாக்டருகிட்ட நீ சொல்லு. நான் சொன்னா மறுபடி பேனாவ மூடுவாரு."

அந்த ஐந்தடித் தாளையும் டாக்டர் எழுதிய கடிதத்தையும் எடுத்துக்கொண்டு அன்று மத்தியானமே நேராகக் கம்பெனிக்குப் போனார். சுப்பிரமணியன் கடிதத்தை இரண்டு முறை படித்தார். தாளைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். சொர்ணாம்பாள் அதை வாங்கி நேராகப் பிடித்துக் கொடுத்தார்.

"காரணம் சரிம்மா. காரணம் தெரிஞ்சா விழாம இருப்பீங்களா?"

"பாண்டிச்சேரி போவச் சொல்றாங்க. தோளுக்குக் கீழ ஒரு பொட்டி வெச்சிட்டா விழ மாட்டனாம்."

"வெச்சிட்டு வாங்க. ஆனா ஒண்ணு. டாக்டரு எழுதுனா மட்டும் பத்தாது. நீங்க சாப்பிட்டு விழலன்னு என் கண்ணால பாக்கணும். அப்பத்தான் முக்காலி. என்னாங்கறீங்க?"

எழுத்தை மட்டுமே நம்பிய ஒரு மனிதரை, கண்ணால் பார்க்கிற நிலைக்குச் சொர்ணாம்பாள் கொண்டு வந்திருந்தார்.

"ஒரு கட்டு கட்டறன் சார்" என்றார் சொர்ணாம்பாள். "நல்லா பாருங்க."

பாண்டிச்சேரியில் அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் அவருக்கு இருந்த மதிப்பை அவர் இன்றும் சொல்வார். இந்த மாதிரி கேஸ் எப்போதாவது ஒன்றுதான் வருமாம். முதலில் உணவுக்குழாயில் குழாய் விட்டுப் பார்த்து அதில் ஒன்றுமில்லை என்று உறுதி செய்தார்கள். பிறகு மருத்துவம் படிக்கிற பிள்ளைகள் பதினோரு பேர் கட்டிலைச் சுற்றி நிற்க, ஒரு பெரிய டாக்டர் தயிர் சாதத்தை ஸ்பூனில் ஊட்டினார். முதல் இரண்டு வாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பொறுங்க" என்று சொர்ணாம்பாள்தான் தைரியம் சொன்னார். "மூணாவதுக்கு வரும்."

வந்தது.

இடது காரை எலும்புக்குக் கீழே தோலுக்கடியில், ஒரு தீப்பெட்டி அளவுக்குப் பேஸ்மேக்கர் வைத்தார்கள். அதிலிருந்து ஒரு கம்பி ரத்தக்குழாய் வழியாகக் கீழ் அறைக்குப் போயிருக்கிறது என்றும், அந்தப் பெட்டி சும்மா இருக்கும்போது எதுவும் செய்யாது, பார்த்துக்கொண்டு மட்டும் இருக்கும் என்றும் சொன்னார்கள். துடிப்பு வர வேண்டிய நேரத்தில் வந்தால் பேசாமல் இருக்கும். வராவிட்டால், கண் மூடித் திறப்பதற்குள் தன் கரண்டைக் கொடுத்துத் துடிக்க வைக்கும். சொர்ணாம்பாளுக்கு இந்த ஏற்பாடு பிடித்திருந்தது. வேலை நடக்கிறபோது வாயை மூடிக்கொண்டிருக்கிற ஒரு சூப்பர்வைசரை அவர் முதன்முதலாகப் பார்க்கிறார்.

ஐப்பசி முதல் வாரத்தில், காயம் ஆறி, இடது கையைத் தோளுக்கு மேல் தூக்கலாம் என்று சொன்ன பிறகு, கம்பெனிக்குப் போனார். சுப்பிரமணியன் புதுக் கடிதத்தை வாங்கிப் படித்தார். அவருக்கு ஒரு கவலை இருந்தது. ஷெட் கோடியில் ஹை டென்ஷன் கரண்ட் விட்டுச் சரக்கைச் சோதிக்கிற கூண்டு இருக்கிறதே, அதனால் பெட்டிக்கு ஏதாவது ஆகிவிட்டால்?

"கூண்டுகிட்ட போவக் கூடாதுன்னு எழுதியிருக்காங்க. ரெண்டு மீட்டரு தள்ளி இருந்தாப் போதுமாம்" என்றார் சொர்ணாம்பாள். "என் முக்காலியிலேர்ந்து முப்பத்திரண்டு அடி. நான் நேத்தே அனுசியாவ விட்டு அளக்கச் சொல்லிட்டன்."

"முக்காலி இன்னும் உங்களுது ஆவலம்மா."

"மணி ஒண்ணு ஆவட்டும் சார்."

ஒரு மணிக்குச் சங்கு ஊதியது. வழக்கமாக ஆளுக்கொரு மூலையாகப் பிரிந்து போகிறவர்கள் அன்று யாரும் பிரியவில்லை. பேக்கிங் பெண்கள், சூளைக்காரர்கள், மண் பிசைகிறவர்கள் என்று நாற்பது பேர், அவரவர் டிபன் பாக்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்கள். சுப்பிரமணியன் எதிரே நின்றார், கையைக் கட்டிக்கொண்டு. அனுசியா சொர்ணாம்பாளுக்குப் பின்னால் நெருக்கி உட்கார்ந்திருந்தாள், விழுந்தால் பிடிக்க.

"தள்ளிப் போடி" என்றார் சொர்ணாம்பாள்.

"இருக்கட்டும்க்கா. அன்னிக்கும் என் மடியிலதான விழுந்தீங்க."

மூன்றடுக்கு டிபனைப் பிரித்தார். மேலடுக்கில் உருளைக்கிழங்கு, நடுவில் வத்தக்குழம்பு, கீழே சோறு. ராஜவேல் அதிகாலையில் எழுந்து சமைத்தது. ஏழு மாதம் ஊர் பேசிய பேச்சுக்கு அவருடைய பதிலும் அந்த டிபனில் இருந்தது. கட்டியாகப் பிசைந்து ஒரு உருண்டை எடுத்தார். முதல் வாய். யாரோ "ஒண்ணு" என்றார்கள். இரண்டாவது. ஷெட்டில் மின்விசிறிச் சத்தம் மட்டும் இருந்தது.

மூன்றாவது உருண்டையைப் பெரிதாகவே உருட்டினார். மென்றார். விழுங்கும்போது இடது கையின் இரண்டு விரலைக் கழுத்தில் வைத்துக்கொண்டார். சோறு இறங்கியது. உள்ளே சப்ஸ்டேஷனில் எவனோ ஆஃப் பண்ணியிருக்கத்தான் வேண்டும், அவன் திருந்துகிற ஜாதி இல்லை. விரலுக்கடியில் ஒரு துடிப்பு வந்தது. அடுத்தது வந்தது. அடுத்ததும் வந்தது. அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கையை எடுத்துக்கொண்டு நாலாவது உருண்டைக்குப் போனார்.

நாற்பது பேரும் நின்றுகொண்டே இருந்தார்கள். ஒருவேளை ஐந்தாவதுக்கு வருமோ என்று சிலருக்கு எண்ணம். சொர்ணாம்பாள் அவசரப்படவில்லை. குழம்பைத் தொட்டார், கிழங்கைக் கடித்தார், அடுக்கின் மூலை வரைக்கும் வழித்துச் சாப்பிட்டார். தண்ணீரைத் தூக்கி மடக் மடக்கென்று குடித்தார். வாயைத் துடைத்தார்.

சுப்பிரமணியன் கட்டியிருந்த கையை அவிழ்த்தார். "ஒண்ணும் ஆவலியேம்மா" என்றார். குரலில் லேசாக ஒரு ஏமாற்றம்.

"இன்னும் கொஞ்சம் பாக்கறீங்களா சார்? அனுசியா பாக்ஸுல தக்காளி சாதம் இருக்குது."

"வேணாம் வேணாம். போயி ஒக்காருங்க, உங்க எடத்துல."

அனுசியா எழுந்து, முக்காலியில் இருந்த தன் துண்டை எடுத்துக்கொண்டாள். முகத்தில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. இரண்டு மாதமாக அந்த முக்காலியில் உட்கார்ந்து, சரியா தவறா என்று தெரியாமல் ஒவ்வொன்றாகத் தட்டிக் களைத்திருந்தாள். சொர்ணாம்பாள் உட்கார்ந்து, காலை இப்படியும் அப்படியும் வைத்துப் பார்த்துச் சரி செய்துகொண்டார். கூட்டம் இன்னும் போகவில்லை. சுப்பிரமணியனும் போகவில்லை. எதற்கும் ஒரு கால் மணி நேரம் இருந்து பார்த்துவிடலாம் என்று நினைத்தாரோ என்னவோ.

"மணி ஒண்ணே முக்கால் ஆவுது சார்" என்றார் சொர்ணாம்பாள். "நீங்களும் போயி சாப்பிடுங்க. பயப்படாதீங்க, உங்களுக்கு ஒண்ணும் ஆவாது."